இது எந்தக் கட்சிப் பேப்பர்?

தமிழ்நாட்டில் ஒரு நாளேட்டின் பெயரே ஒரு கட்சியின் பெயராக நிலைத்துவிட்ட வரலாறு உண்டு. 1916 நவம்பரில் பி. தியாகராயச் செட்டியாரும் டி.எம். நாயரும் அவர்களோடு சேர்ந்த பிராமணரல்லாத தலைவர்களும் சென்னையில் கூடியபோது, தேர்தலையும் பதவியையும் பற்றி யோசிப்பதற்கு முன்பே அவர்கள் கைவைத்த வேலைகளுள் ஒன்று, பத்திரிகை நடத்துவதற்கென்றே தென்னிந்திய மக்கள் சங்கம் என்ற கூட்டுப் பங்கு நிறுவனத்தைத் தொடங்கியதாகும். அடுத்த ஆண்டில் ஆங்கிலத்தில் ‘ஜஸ்டிஸ்’, தமிழில் ‘திராவிடன்’ ஆகிய ஏடுகள் வெளிவந்தன; தெலுங்கில் ‘ஆந்திர பிரகாசிகா’ அவர்களுடைய குரலாயிற்று. அரசியல் அமைப்புக்கு அவர்கள் இட்ட முறையான பெயர் தென்னிந்திய நல உரிமைச் சங்கம். அந்தப் பெயர் ஆவணங்களில் தங்கிவிட, ஊர் வாயில் ஏறியது ஜஸ்டிஸ் கட்சி என்ற பெயர். அதுவே பின்னர் நீதிக்கட்சி ஆனது.

அன்றைய சென்னையில் பத்திரிகைகளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. 1878 முதல் ‘தி இந்து’ இருந்தது. அதைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் தொடங்கிய ‘சுதேசமித்திரன்’ தமிழில் வந்துகொண்டிருந்தது. அன்னி பெசன்ட் அம்மையாரின் ‘நியூ இந்தியா’வும் இருந்தது. இவ்வளவு இருந்தும், இவையெல்லாம் ‘அவர்களுடைய’ பத்திரிகைகள், நம்முடைய பேச்சு இவற்றில் ஏறாது, ஏறினாலும் திரிந்துதான் ஏறும் என்று ஒரு தரப்பு உறுதியாக நம்பியது. அந்த நம்பிக்கை முழுவதும் நியாயமானதா என்பதை வரலாற்றாசிரியர்கள் பேசட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது, இங்கே கட்சி அரசியல் பிறந்த அதே தொட்டிலில்தான் ‘ஊடகம் ஒருபக்கம் சாய்கிறது’ என்ற புகாரும் பிறந்தது என்பது. புகாருக்குக் கிடைத்த பதிலும் கவனிக்கத்தக்கது. நடுநிலையாக எழுதுங்கள் என்று அவர்கள் யாரிடமும் மனுக் கொடுக்கவில்லை. தங்களுக்கென்று ஒரு பத்திரிகையைத் தொடங்கினார்கள். அவர்களை மறுப்பதற்கென்று 1917 டிசம்பரில் திரு.வி.க.வை ஆசிரியராகக் கொண்டு ‘தேசபக்தன்’ வந்தது.

ஆகவே, “அந்தக் காலத்துப் பத்திரிகைகள் நேர்மையாக இருந்தன, இப்போது எல்லாம் விலைபோய்விட்டன” என்று திருமண வீடுகளிலும் ரயில் பயணங்களிலும் கேட்கும்போதெல்லாம், எந்தக் காலம் என்று கேட்கத் தோன்றுகிறது. சார்பு இல்லாத காலம் ஒன்று தமிழ் இதழியலில் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. மாறியது வேறு. சார்பு எங்கே இருக்கிறது என்பது வாசகனுக்கு முன்பு தெரிந்திருந்தது. அதற்கேற்ப அவன் படித்தான். அது தெரியாமல் போகப் போகத்தான் எல்லாவற்றின் மீதும் சந்தேகம் வந்தது.

விடுதலைக்கு முன்னும் பின்னும் இங்கு வந்த ஏடுகளை எண்ணிப் பார்த்தால், கட்சிச் சட்டை அணியாதவை குறைவு. பெரியார் 1925இல் ஈரோட்டில் தொடங்கிய ‘குடி அரசு’, பின்னர் ‘விடுதலை’. பொதுவுடைமையாளர்களுக்கு ‘ஜனசக்தி’, மார்க்சிஸ்டுகளுக்குத் ‘தீக்கதிர்’. அண்ணாவுக்குத் ‘திராவிட நாடு’. 1942 ஆகஸ்டில் திருவாரூரில் துண்டறிக்கை அளவில் கருணாநிதி தொடங்கிய ‘முரசொலி’ 1960இல் நாளேடாயிற்று. கட்சிக்கு அப்பாற்பட்டவையாகத் தம்மைச் சொல்லிக்கொண்ட ஏடுகளுக்கும் அரசியல் இல்லாமல் இல்லை. 1934இல் பாரதியின் நினைவு நாளில் தொடங்கப்பட்ட ‘தினமணி’ தேசிய இயக்கத்தின் பிள்ளை. 1942இல் மதுரையில் ‘தினத்தந்தி’யைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் ‘நாம் தமிழர்’ கட்சியை நடத்தியவர், தி.மு.க. ஆட்சியில் சட்டமன்றத் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்தவர். இவற்றுள் எதையும் யாரும் மறைக்கவில்லை. பெட்டிக்கடையில் தொங்கிய ஏட்டின் பெயரைப் பார்த்த மாத்திரத்தில் உள்ளே என்ன இருக்கும் என்று ஊருக்கே தெரியும்.

நான் வளர்ந்தது காவிரிப் படுகையில் ஒரு சிறு நகரம். அங்கே பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த சலூனில் ‘முரசொலி’யும் ‘தினமணி’யும் ஒரே பெஞ்சில் கிடக்கும். சலூன்காரர் பழைய தி.மு.க.காரர், ‘தினமணி’ வாடிக்கையாளர்களுக்காக வாங்கப்படுவது என்று சொல்லுவார், ஆனால் கடை திறந்ததும் அவர் முதலில் பிரிப்பது அதைத்தான். முடி வெட்டிக்கொள்ள வரும் என் பெரியப்பா காங்கிரஸ்காரர். அவர் முதலில் எடுப்பது ‘முரசொலி’. எதிராளி என்ன சொல்லுகிறான் என்பதை எதிராளியின் வாயாலேயே கேட்டுவிட வேண்டும் என்பது இருவருக்கும் பொதுவான கொள்கை. கட்சிக் கூட்டத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கையில்தான் சண்டை வரும். ஓர் ஏட்டில் கடல்போல் மக்கள் திரண்டிருப்பார்கள். இன்னோர் ஏட்டில் அதே கூட்டம் ஆறாம் பக்கத்தில் எண்ணிக்கையே இல்லாமல் முடிந்திருக்கும். “இதுல பாதியைக் கழி, அதுல பாதியைக் கூட்டு, நடுவுல இருக்கும் நெசம்” என்பார் பெரியப்பா. “உங்க நெசம் எப்பவும் எங்க ஆளுங்களைத்தாங்க குறைக்குது அண்ணே” என்பார் சலூன்காரர்.

அந்தக் கழித்தல் கூட்டல் கணக்கு சரியான விடையைத் தந்தது என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு பொய்களுக்கு நடுவில் உண்மை இருந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இரு தரப்பும் சேர்ந்து பேசாமல் விட்ட விஷயம், சேரிகளில் நடந்தது, பெண்களுக்கு நடந்தது, எந்தக் கணக்கிலும் வராது. ஆனாலும் ஒரு பயிற்சி அதில் இருந்தது. செய்தியைப் படிக்கும்போதே இதை எழுதியவன் எங்கே நின்றுகொண்டு எழுதுகிறான் என்பதைச் சேர்த்துப் படிக்கும் பயிற்சி அது. ‘தி இந்து’வை ‘மவுண்ட் ரோடு மகாவிஷ்ணு’ என்று திராவிட இயக்கத்தாரும் இடதுசாரிகளும் கேலி செய்த காலத்திலும், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலம் கற்றுக்கொள்ள அந்த ஏடுதான் வாங்கப்பட்டது. கேலி ஒரு பக்கம், வாசிப்பு ஒரு பக்கம். இரண்டும் மோதிக்கொள்ளவில்லை.

இந்த வாசிப்புப் பயிற்சியின் உச்சம் என்று நான் கருதுவது 1976 பிப்ரவரி 3ஆம் தேதி ‘முரசொலி’. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது; கட்சிக்காரர்கள் விசாரணையின்றிச் சிறைவைக்கும் மிசா சட்டத்தில் அள்ளிச் செல்லப்பட்டார்கள்; யார் யார் கைதானார்கள் என்ற செய்தியை வெளியிடத் தணிக்கை அதிகாரிகள் விடவில்லை. பிப்ரவரி 3 அண்ணாவின் நினைவு நாள். அன்றைய ஏட்டில், அண்ணா சதுக்கத்துக்கு மலர் வளையம் வைக்க வர இயலாதவர்களின் பட்டியல் என்று மாவட்ட வாரியாகப் பெயர்கள் அச்சாகியிருந்தன. தணிக்கையாளரின் கண்ணுக்கு அது அஞ்சலிக் குறிப்பு. வாசகனுக்கு அது கைதிகளின் பட்டியல். ஒரு பக்கச் சார்பு என்று நாம் இன்றைக்கு ஒதுக்கிவிடும் கட்சிப் பத்திரிகை ஒன்றுதான் அன்றைய தினம் ஒரு மாநிலத்தின் மிக முக்கியமான செய்தியைத் தந்தது. தேசிய நடுநிலை பேசிய ஏடுகளில் பலவற்றுக்கு அது வாய்க்கவில்லை. எழுதியவருக்கும் படித்தவருக்கும் இடையே ஒளிவுமறைவற்ற உறவு ஒன்று ஏற்கெனவே இருந்திராவிட்டால் அந்தப் பட்டியல் வெறும் பெயர்களாகவே போயிருக்கும்.

வானொலியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆகாசவாணி அரசின் குரல் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி சுடப்பட்டு இறந்ததை ஆகாசவாணி மாலைவரை உறுதிசெய்யாமல் இருக்க, பிபிசி முன்னரே சொல்லிவிட்டது. ஈழப் போர்க் காலம் முழுவதும் பிபிசி தமிழோசைக்கு இருந்த செல்வாக்குக்கும் இதுவே காரணம். தூரத்தில் இருப்பவனுக்கு நம் வீட்டுச் சண்டையில் பங்கில்லை என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. தூரத்து நாட்டுக்கும் அதன் கணக்கு உண்டு என்பதை அந்த எண்ணம் பொருட்படுத்துவதில்லை.

தொலைக்காட்சி வந்த பிறகு நிலைமை வேறு விதமாகத் திரும்பியது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியது. பெயரில் கட்சி இல்லை, திரையில் கொடி இல்லை. பகல் முழுவதும் பாட்டும் படமும் தொடரும். ஆனால் அந்த நிறுவனம் பல ஆண்டுகள் இயங்கிய இடம் தி.மு.க.வின் தலைமையகமான அண்ணா அறிவாலயம். 1999இல் ஜெயா டிவி வந்தபோது பெயரிலேயே முகவரி இருந்தது. பிறகு பா.ம.க.வினரின் மக்கள் தொலைக்காட்சி, தே.மு.தி.க.வின் கேப்டன் டிவி, காங்கிரஸ்காரர்கள் நடத்திய மெகாவும் வசந்தும் என்று வரிசை நீண்டது. அச்சு ஏட்டில் பழகிய கணக்கைத் திரையிலும் போட்டுக்கொண்டார்கள் மக்கள். இரவு எட்டு மணிக்கு ஒரு செய்தி, பின்னர் மாற்றி இன்னொரு செய்தி.

அந்தக் கணக்கு தடுமாறிய இரவு ஒன்று எனக்கு நினைவிருக்கிறது. 2001 ஜூன் 30 அதிகாலையில் மேம்பால வழக்கில் கருணாநிதி அவருடைய ஆலிவர் சாலை வீட்டில் கைது செய்யப்பட்டார். காவலர்கள் அவரைப் பிடித்து இழுக்கும் காட்சியும் அவருடைய அலறலும் சன் டிவியில் நாள் முழுவதும் திரும்பத் திரும்ப வந்தன. பின்னர் காவல் துறை தன் தரப்பில் எடுத்த ஒளிப்பதிவு ஜெயா டிவியில் வந்தது. அதில் காவலர்களைத் தள்ளுபவர்களாக மத்திய அமைச்சர்கள் முரசொலி மாறனும் டி.ஆர். பாலுவும் தெரிந்தார்கள். எங்கள் வீட்டில் ஒரே அறையில் இரு கட்சிக்காரர்கள் உட்கார்ந்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். எழுத்தில் என்றால் “அவன் அப்படித்தான் எழுதுவான்” என்று தள்ளிவிடலாம்; கண்ணால் கண்டதை எப்படித் தள்ளுவது? ஆனாலும் தள்ளினார்கள். சன் டிவியில் வந்தது வெட்டி ஒட்டியது என்றார் ஒருவர். ஜெயா டிவியில் வந்தது போலீஸ் எடுத்ததுதானே என்றார் மற்றவர். இரண்டு ஒளிப்பதிவும் ஒரே இரவின், ஒரே வீட்டின் துண்டுகள், இரண்டிலும் பொய் இல்லாமலேயே இருக்கலாம் என்று சொன்ன என் அத்தையை இருவரும் சேர்ந்து அடக்கினார்கள்.

1985இல் வெளியான ஓர் ஆய்வு இதை ஒட்டியது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வலோன், ராஸ், லெப்பர் ஆகிய மூவர், லெபனானின் பெய்ரூட்டில் பாலஸ்தீன அகதிகள் கொல்லப்பட்ட 1982 படுகொலையைப் பற்றிய தொலைக்காட்சிச் செய்திகளை இஸ்ரேல் ஆதரவு மாணவர்களுக்கும் அரபு ஆதரவு மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். ஒரே செய்தியைப் பார்த்த இரு தரப்பினரும், அது தங்களுக்கு எதிராகச் சாய்கிறது என்று சொன்னார்கள். நடுவில் இருக்கும் ஒருவன் இதைப் பார்த்தால் நமக்கு எதிராகத் திரும்பிவிடுவான் என்றும் இரு தரப்பும் அஞ்சின. விஷயம் அதிகம் தெரிந்தவர்களே அதிகச் சாய்வைக் கண்டார்கள் என்பதுதான் இதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அரசியல் தெரியாதவர்கள் ஏமாறுகிறார்கள், தெரிந்தவர்கள் கண்டுபிடிக்கிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். ஆழமான கட்சிக்காரனுக்கு விடுபட்ட ஒவ்வொரு வரியும் தெரியும். எனவே ஒவ்வொரு செய்தியும் அவனுக்குத் துரோகமாகவே படும். தமிழ்நாட்டில் எந்தத் தேர்தலுக்குப் பிறகும் தோற்றவர்கள் முதலில் ஊடகத்தைச் சாடுவதை இதன்மூலம் ஓரளவு புரிந்துகொள்ளலாம். வென்றவர்களும் சாடுகிறார்கள் என்பது தனி.

ஆனால், எல்லாமே பார்ப்பவன் கண்ணில்தான் இருக்கிறது என்று சொல்லி முடித்துவிட முடியாது. 2007 மே மாதத்தில், சன் டிவியை நடத்திய மாறன் குடும்பத்தின் ‘தினகரன்’ நாளேடு, கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்று ஒரு கருத்துக் கணிப்பை வெளியிட்டது. ஸ்டாலினுக்கு 70 விழுக்காடு, அழகிரிக்கு 2 விழுக்காடு என்று வந்தது. மே 9 அன்று அந்த ஏட்டின் மதுரை அலுவலகம் தாக்கப்பட்டுத் தீவைக்கப்பட்டதில் அங்கே பணியில் இருந்த மூவர் இறந்தார்கள். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவரும் கருணாநிதிக்கு உறவில் பேரனுமான தயாநிதி மாறன் மத்திய அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். அதே ஆண்டு செப்டம்பர் 15, அண்ணாவின் பிறந்த நாளன்று, சன் டிவிக்கு மாற்றாக தி.மு.க. தரப்பில் கலைஞர் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. அதுவரை சன் செய்தியில் தேடினாலும் கிடைக்காத எதிர்க்கட்சித் தலைவர்களின் அறிக்கைகள் அதன்பிறகு அங்கே இடம்பெறத் தொடங்கின. 2008 டிசம்பரில் குடும்பம் சமாதானம் ஆனபோது செய்தியின் போக்கும் பழைய நிலைக்குத் திரும்பியதாகவே பார்த்தவர்கள் உணர்ந்தார்கள்.

அந்த ஒன்றரை ஆண்டு தமிழ்ப் பார்வையாளனின் மனத்தில் ஏற்படுத்திய மாற்றத்தை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். கட்சிக்குச் சார்பானது என்றால், அது ஒரு கொள்கைக்குச் சார்பானது என்று ஒரு மரியாதைக்காவது எண்ணிக்கொள்ளலாம். ‘முரசொலி’யில் “உடன்பிறப்பே” என்று தொடங்கும் கடிதத்தைப் படித்தவன், எழுதியவரோடு தானும் ஓர் இயக்கத்தில் இருப்பதாக நம்பினான். ஒரு குடும்பத்தின் மனக்கசப்புக்கு ஏற்பச் செய்தி மாறும் என்பதைக் கண்ணெதிரே பார்த்தவனிடம் அந்த எண்ணம் எப்படி மிஞ்சும்? ஜெயலலிதா மறைந்த பிறகு இதே பாடம் இன்னொரு பக்கம் நடந்தது. அ.தி.மு.க. பிளந்தபோது ‘நமது எம்.ஜி.ஆர்.’ ஏடும் ஜெயா டிவியும் சசிகலா குடும்பத்தார் கையில் இருந்தன. ஆட்சியில் இருந்த கட்சிக்குத் தன் அறிக்கையைப் போட ஓர் ஏடும் திரையும் இல்லாமல் போயின. 2018இல் ‘நமது அம்மா’ என்ற நாளேட்டையும் நியூஸ் ஜெ என்ற தொலைக்காட்சியையும் புதிதாகத் தொடங்கினார்கள். நேற்றுவரை கட்சியின் குரலாக இருந்த திரை, மறுநாள் முதல்வரைத் தாக்கியது.

இதற்கு இடையில் 2011 ஆகஸ்டில் புதிய தலைமுறை வந்தது. ‘உண்மை உடனுக்குடன்’ என்ற முழக்கத்தோடு, எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லாத இருபத்துநான்கு மணி நேரச் செய்தித் தொலைக்காட்சி என்ற தோற்றத்தில் அது வந்ததும் மக்கள் அதை ஆவலோடு ஏற்றார்கள். வாதம் செய்பவர்கள் அனைவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்த ‘நேர்படப் பேசு’ போன்ற நிகழ்ச்சிகள் தமிழ்ச் செய்திக்குப் புதிது. அதன் உரிமையாளர் குடும்பத்தின் தலைவர் 2010இல் ஒரு கட்சியைத் தொடங்கியவர் என்பது அரசியலைக் கவனிப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் திரையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கட்சி தெரியவில்லை, அதுவே அந்தத் தொலைக்காட்சிக்குப் பெருமையாகவும் ஆயிற்று. தந்தி, நியூஸ் 7, நியூஸ் 18 என்று அடுத்தடுத்து வந்தவை அனைத்தும் இதே உறுதிமொழியோடு வந்தன: எங்களுக்குக் கட்சி இல்லை.

நான் கவனித்த வரையில், ‘விலைபோன ஊடகம்’ என்ற வசை வீட்டுக்கு வீடு புழங்கத் தொடங்கியது இதற்குப் பிறகுதான். கட்சித் தொலைக்காட்சி மட்டுமே இருந்த காலத்தில் யாரும் அப்படித் திட்டியதில்லை. ஜெயா டிவியைப் பார்த்து, நீ ஏன் நடுநிலையாக இல்லை என்று எவரும் கேட்கவில்லை. நடுநிலை என்று சொன்னவனிடம்தான் அதைக் கேட்க முடியும். விவாத மேசையில் எந்தக் கட்சிக்கு எத்தனை நாற்காலி, யாருடைய பேச்சு இடையில் வெட்டப்பட்டது, தலைப்பின் முடிவில் கேள்விக்குறியா ஆச்சரியக்குறியா என்பதெல்லாம் அளக்கப்பட்டன. உரிமையாளருக்கு இருக்கும் கல்லூரிகள், தொழில்கள், அரசு விளம்பரங்கள் பற்றிப் பேச்சு எழுந்தது. இந்தச் சந்தேகங்களில் சில உண்மையாக இருக்கும், சில இட்டுக்கட்டியவையாக இருக்கும். வெளியில் இருக்கும் பார்வையாளனால் இரண்டையும் பிரிக்க முடியாது என்பதே இதில் உள்ள சங்கடம்.

புகாரின் இலக்கும் நகர்ந்தது. முன்பு பழி முதலாளியின் மேல் விழுந்தது. இப்போது நெறியாளரின் பெயரைச் சொல்லி விழுகிறது. 2020ஆம் ஆண்டு, சில தொலைக்காட்சிகளின் செய்தியாளர்கள் திராவிட, இடதுசாரிச் சிந்தனைக்காரர்கள் என்று யூடியூபில் காணொளிகள் பரவி, அவர்களுடைய பழைய பதிவுகள், உறவுகள், கல்லூரிக் கால மேடைகள் எல்லாம் தோண்டப்பட்டன. அந்தப் பரபரப்பின் நடுவே நியூஸ் 18 தமிழ்நாட்டின் ஆசிரியராக இருந்த மு. குணசேகரன் பதவி விலகி, பின்னர் சன் நியூஸுக்குச் சென்றார். அவர் அங்கே போனதே தங்கள் குற்றச்சாட்டுக்குச் சான்று என்றது ஒரு தரப்பு. வேறு எங்கே வேலை கொடுத்தார்கள் என்று கேட்டது மறுதரப்பு. ஒரு செய்தியாளருக்குச் சொந்தக் கருத்து இருக்கலாகாது என்ற எதிர்பார்ப்பு எனக்கு விசித்திரமாகத் தோன்றுகிறது. ஏ.என். சிவராமன் நாற்பதாண்டுகளுக்கு மேல் ‘தினமணி’யின் ஆசிரியராக இருந்தபோது அவருடைய அரசியல் என்ன என்பது அனைவருக்கும் தெரியும், அதனாலேயே அவருடைய தலையங்கத்தை எதிர்க்கட்சிக்காரர்களும் படித்தார்கள்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இத்தனை சந்தேகங்களுக்கு நடுவிலும் ஓர் ஏட்டின் மீது மக்களுக்குத் திடீரென்று நம்பிக்கை வரும் தருணம் உண்டு, அதை அரசாங்கங்களே உண்டாக்கித் தருகின்றன. 1987இல் ‘ஆனந்த விகடன்’ அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைத் துணுக்குக்காக அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு வலுத்ததும் சில நாள்களில் விடுவித்தது. பின்னர் அவர் வழக்காடி இழப்பீடாகப் பெற்றது ஆயிரம் ரூபாய். 2003 நவம்பர் 7 அன்று இன்னும் வேடிக்கையான ஒன்று நடந்தது. சட்டமன்றத்தில் ஜெயலலிதாவின் பேச்சைப் பற்றிய செய்திகளுக்காகவும், சகிப்பின்மை வளர்கிறது என்ற தலையங்கத்துக்காகவும் ‘தி இந்து’வைச் சேர்ந்த ஐவருக்குப் பதினைந்து நாள் சிறை விதிக்கப்பட்டது, அந்தத் தலையங்கத்தைத் தமிழில் வெளியிட்ட குற்றத்துக்காக ‘முரசொலி’ ஆசிரியருக்கும் அதே தண்டனை. மவுண்ட் ரோடு மகாவிஷ்ணுவும் ‘முரசொலி’யும் ஒரே குற்றப்பத்திரிகையில்! பல ஆண்டுகள் அந்த ஆங்கில ஏட்டைக் கிண்டல் செய்த தி.மு.க.காரர்கள் அந்த வாரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நடந்ததை நானே பார்த்தேன். உச்ச நீதிமன்றம் மூன்று நாளில் தண்டனையை நிறுத்திவைத்தது.

அடி வாங்கியவன் நல்லவன் என்ற இந்தக் கணக்கையும் நான் முழுவதும் ஏற்கவில்லை. அடி யார் மேலும் விழலாம். 2011 முதல் 2016 வரையிலான ஜெயலலிதா ஆட்சியில் 213 அவதூறு வழக்குகள் தொடரப்பட்டதாக உச்ச நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. அவற்றுள் 55 ஊடகங்கள் மீது. அ.தி.மு.க.வுக்குப் பின் வந்த தி.மு.க. ஆட்சி 2021 ஜூலையில் செய்தியாளர்கள் மீதான 90 வழக்குகளைத் திரும்பப் பெற்றது. அதே மாதத்தில் அ.தி.மு.க. தலைமை, ஊடகங்கள் தங்களைச் சிறுமைப்படுத்துவதால் இனித் தொலைக்காட்சி விவாதங்களில் தங்கள் தரப்பில் யாரும் பங்கேற்கமாட்டார்கள் என்று அறிவித்தது. 1916இல் புகார் சொன்னவர்கள் ஓர் அச்சகத்தைத் தேடிப் போனார்கள். 2021இல் புகார் சொன்னவர்கள் நாற்காலியை விட்டு எழுந்துபோனார்கள். தங்கள் கட்சி என்ன சொல்கிறது என்பதைத் தங்கள் ஆட்களுக்குத் தாங்களே கைபேசியில் அனுப்பிக்கொள்ளலாம் என்ற நிலை வந்தபிறகு எதிராளியின் மேசைக்கு ஏன் போக வேண்டும்? சலூன் பெஞ்சில் இரண்டு ஏடுகள் கிடந்ததற்குப் பதிலாக இப்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரே ஏடு இருக்கிறது.

இதற்கு மருந்தாகச் சொல்லப்படுபவற்றுள் ஒன்று, கட்சிகள் ஊடகம் நடத்தவே கூடாது என்பது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், அரசியல் அமைப்புகளை ஒளிபரப்புத் துறையில் அனுமதிக்கக் கூடாது என்று 2014 ஆகஸ்டில் பரிந்துரைத்தது. அதற்கு முன்பும் சொல்லியிருக்கிறது. சட்டம் வரவில்லை. வராததில் எனக்கு வருத்தமும் இல்லை. தடை வந்தால் கட்சிகள் பினாமி பெயரில் நடத்தும். இப்போது அரைகுறையாகவாவது தெரிகிற நிறம் முற்றிலும் மறைந்துவிடும். கொடி கட்டிய தொலைக்காட்சியைவிடக் கொடியை மடித்துப் பைக்குள் வைத்திருக்கும் தொலைக்காட்சியே எனக்கு அச்சம் தருகிறது.

நான் கேட்பது அதைவிடச் சிறியது. நாளேடு படிப்பவர்கள் மார்ச் மாத முதல் வாரத்தில் உள்பக்கம் ஒன்றின் மூலையில் ‘படிவம் 4’ என்ற பொடி எழுத்துக் கட்டத்தைப் பார்த்திருப்பார்கள். 1956ஆம் ஆண்டின் செய்தித்தாள் பதிவு விதிகளின்படி, ஒவ்வோர் ஏடும் தன் அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் ஆகியோரின் பெயர்களையும், உரிமையாளர் யார், ஒரு விழுக்காட்டுக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்கள் யார் என்பதையும் ஆண்டுக்கு ஒருமுறை வாசகர் முன் வைத்து வந்திருக்கிறது. அந்தக் கட்டத்தைப் படிப்பவர்கள் மிகச் சிலரே. ஆனால் தேடினால் கிடைக்கும். செய்தித் தொலைக்காட்சிக்கும், லட்சக்கணக்கானோர் பார்க்கும் யூடியூப் அரசியல் அலைவரிசைகளுக்கும் பார்வையாளர் கண்ணில் படும்படி அப்படி ஒரு கட்டம் இல்லை. பெரும்பாலான அலைவரிசைகளின் அறிமுகப் பக்கத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு மேல் எதுவும் கிடைப்பதில்லை. யார் பணம், எந்தக் கட்சியில் யாருக்குப் பொறுப்பு, எந்த அரசிடமிருந்து எவ்வளவு விளம்பரம் என்று ஆண்டுக்கு ஒருமுறை திரையில் ஒரு நிமிடம் காட்டச் சொல்வதில் பேச்சுரிமைக்கு ஓர் இழுக்கும் இல்லை. அப்படி ஒரு விதி வருமானால், அதை முதலில் எதிர்ப்பவை செய்தி நிறுவனங்களாக இருக்காது, கட்சிகளின் தகவல் தொழில்நுட்ப அணிகளாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.